டாலர் நோட்டை வைத்து அமெரிக்க வரலாறு படிப்பது எப்படி?

அமெரிக்க அதிபர் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்துவிடலாம் என்று ஆசைப்பட்டு ஆயிரம் பக்கப் புத்தகத்தை வாங்கி, தாத்தா எந்தக் கப்பலில் வந்து இறங்கினார், அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் என்று கதை போய்க்கொண்டே இருக்க, நாயகன் பள்ளிக்கூடத்தில் சேர்வதற்குள் தூங்கிப்போனவர்களில் நானும் ஒருவன். அந்தப் புத்தகம் இரண்டு வருடம் என் மேஜையில் மானிட்டருக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நின்றது. அப்புறம்தான் வேறு வழி பிடிபட்டது. டாலர் நோட்டில் இருக்கும் முகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆள் யாரிடம் கடன் வாங்கினார், யார் கடனை யார் தலையில் கட்டினார் என்பதை மட்டும் முதலில் படியுங்கள். அரசியல், நிதி, வரலாறு மூன்றும் கடையில் வேறு வேறு அலமாரியில் இருக்கும், கடன் என்று வந்துவிட்டால் ஒரே கதைதான்.

இதற்காகப் புத்தகத்தைப் பின்னாலிருந்து திறக்க வேண்டும். இன்டெக்ஸில் கடன், வங்கி, பத்திரம் என்று வரும் பக்கங்களைக் குறித்துக்கொண்டு, அதில் எந்த அத்தியாயத்தில் பக்கங்கள் கொத்தாக விழுகின்றனவோ அங்கே ஆரம்பியுங்கள். பிறந்த ஊரும் தாத்தாவும் எங்கேயும் ஓடிவிட மாட்டார்கள்.

50 டாலர் நோட்டில் தொடங்கச் சொல்வேன். அதில் இருப்பவர் யுலிசிஸ் கிராண்ட். உள்நாட்டுப் போரில் வடக்கை ஜெயிக்கவைத்த தளபதி, 1869 முதல் 1877 வரை அதிபர். அந்தக் காலத்தில் முன்னாள் அதிபருக்கு பென்ஷன் கிடையாது, அது 1958-ல்தான் வந்தது. மகன் பங்குதாரராக இருந்த ஒரு வால் ஸ்ட்ரீட் கம்பெனியில் கையிலிருந்த பணத்தைப் போட்டார், தன் பெயரையும் கொடுத்தார். அதை நடத்திய ஃபெர்டினாண்ட் வார்ட் செய்தது, நம் ஊரில் சீட்டு பிடித்து ஓடிப்போகிறவர்கள் செய்யும் அதே வேலை: புதிதாக வருபவன் போடும் பணத்தை எடுத்து, பழையவனுக்கு லாபம் என்று கொடுப்பது. 1884 மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வார்ட் வந்து, உடனே 1,50,000 டாலர் புரட்டினால்தான் தப்பிக்கலாம் என்கிறான். கிராண்ட், பனியில் விழுந்து அடிபட்ட காலோடு, பணக்காரர் வில்லியம் வாண்டர்பில்ட் வீட்டுக்கே போய்க் கேட்கிறார். கம்பெனிக்காக இல்லை, உங்கள் முகத்துக்காகத் தருகிறேன் என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டு அவர் செக் எழுதிக் கொடுக்கிறார். இரண்டே நாளில் எல்லாம் போய்விட்டது. அந்தக் கடனுக்கு ஈடாகத் தன் வாள்களையும் பதக்கங்களையும் கிராண்ட் எழுதிக் கொடுத்தார்.

இதற்கு மேல் தொண்டைப் புற்றுநோய் வேறு. குடும்பத்துக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டுமே என்றுதான் அவர் தன் நினைவுக் குறிப்புகளை எழுதுகிறார். 1885 ஜூலை 23-ல் சாவதற்குச் சில நாட்கள் முன்புதான் முடித்தார். பதிப்பித்தது மார்க் ட்வைனின் கம்பெனி. மனைவிக்குக் கிடைத்தது சுமார் 4,50,000 டாலர். இந்த இரண்டு பாகமும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே இருக்கிறது, நடை அவ்வளவு தெளிவு. ஆனால் ஒன்று, கதை போரோடு முடிந்துவிடும். எட்டு வருட ஆட்சியைப் பற்றி, அதில் நாறிய ஊழல்களைப் பற்றி, அவர் ஏறக்குறைய வாயே திறக்கவில்லை. சுயசரிதை படிக்கும்போது எதைச் சொல்லாமல் விட்டார் என்று ஓரத்தில் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டே வாருங்கள், பிறகு ரான் செர்னோ 2017-ல் எழுதிய கிராண்ட் புத்தகத்தை அந்தப் பட்டியலோடு திறங்கள். செர்னோ அருமையாகக் கதை சொல்வார், ஆனால் தன் நாயகர்கள் மேல் அவருக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். அதற்கு ஒரு தள்ளுபடி போட்டுப் படிக்க வேண்டும்.

அதே செர்னோ 2004-ல் எழுதியதுதான் ஹாமில்டன். 10 டாலர் நோட்டு ஆசாமி, அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர். மேடை நாடகமாகிப் பெரிய ஹிட் ஆனதால் எல்லோரும் வாங்கிவிட்டார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்பது வேறு விஷயம். இதில் 1790-க்கு நேராகப் போய்விடுங்கள். மத்திய அரசுக்கு 5.4 கோடி டாலர் கடன், மாநிலங்களுக்குச் சுமார் 2.5 கோடி. சுதந்திரப் போரில் சண்டை போட்ட சிப்பாய்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கடன் பத்திரம் கொடுத்திருந்தார்கள். பசி தாங்காமல் பலர் அதை அடிமாட்டு விலைக்கு வியாபாரிகளிடம் விற்றுவிட்டார்கள். இப்போது அரசு முழுப் பணத்தையும் கொடுக்கப்போகிறது. யாருக்கு? முதலில் வாங்கிய சிப்பாய்க்கும் பங்கு வேண்டும் என்கிறார் அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, பிற்பாடு அதிபரான மாடிசன். காகிதம் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான், இல்லாவிட்டால் நாளைக்கு நம் பத்திரத்தை எவன் வாங்குவான் என்கிறார் ஹாமில்டன். இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு நாள் யோசித்துப் பாருங்கள். நான் மாடிசன் கட்சியில் ஆரம்பித்து, மறுநாள் காலையில் மாறிவிட்டேன், இன்னும் முழு நிம்மதி இல்லை.

அடுத்து வருவது அந்தப் பிரபலமான விருந்து. அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன் வீட்டில் அவரும் ஹாமில்டனும் மாடிசனும் சாப்பிட்டு, மாநிலக் கடனை மத்திய அரசு ஏற்கட்டும், பதிலுக்குத் தலைநகரம் பொட்டோமாக் ஆற்றங்கரைக்குப் போகட்டும் என்று பேசி முடித்ததாகச் சொல்வார்கள். அதைப் பிற்பாடு எழுதிவைத்தவர் ஜெஃபர்சன் ஒருவர்தான், அதுவும் ஹாமில்டன் என்னை ஏமாற்றிவிட்டார் என்ற கடுப்போடு. அமெரிக்க ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் மூன்று பேர் கடிதங்களும் இலவசம். ஒரு சம்பவத்தைப் புத்தகத்தில் படித்த கையோடு அங்கே போய் அந்த மாதக் கடிதங்களைத் தேடிப் பாருங்கள்.

20 டாலர் நோட்டில் இருக்கும் அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன், காகிதப் பணத்தையும் தேசிய வங்கியையும் அறவே வெறுத்தவர். அவர் முகத்தைப் போய் மத்திய வங்கி நோட்டில் அச்சடித்திருக்கிறார்கள்! இளைஞனாக இருந்தபோது பிலடெல்பியாவில் நிலம் விற்று, பதிலுக்கு ஒருவருடைய கடன் சீட்டை வாங்கி, அதில் கையெழுத்துப் போட்டுத் தான் வாங்கிய சரக்குக்குப் பணமாகக் கொடுத்திருந்தார். அந்த ஆள் திவாலாக, கடன் ஜாக்சன் தலையில் விழுந்தது. வெறுப்பு எல்லாமே அங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் 1832-ல் தேசிய வங்கியின் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை அவர் வீட்டோ செய்த அறிக்கையைப் படிக்கும்போது அது ஞாபகம் வராமல் இருக்காது. யேல் பல்கலைக்கழகத்தின் அவலான் தளத்தில் அந்த அறிக்கை இருக்கிறது. முதலில் அதைப் படித்துவிடுங்கள். பிறகு இரண்டு புத்தகங்களை எதிரெதிர் வக்கீல்கள் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்: ஆர்தர் ஷ்லெசிங்கர் 1945-ல் எழுதியது ஜாக்சன் பக்கம், மத்திய வங்கியிலேயே வேலை பார்த்த ப்ரே ஹாமண்ட் 1957-ல் எழுதியது வங்கி பக்கம். இரண்டுமே புலிட்சர் வாங்கியவை. பூர்வகுடிகளை அவர்கள் மண்ணிலிருந்து ஜாக்சன் விரட்டியது பற்றி ஷ்லெசிங்கர் புத்தகத்தில் பேச்சே இல்லாத குறை, அதனால் அதற்குத் தனியாக ஒன்று படித்தே ஆக வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால், 1929 பங்குச்சந்தைச் சரிவு பற்றிப் பொருளாதார நிபுணர் கால்பிரெய்த் எழுதிய சின்னப் புத்தகம் ஒரு வார இறுதியில் முடிந்துவிடும், நல்ல நக்கல். பிறகு வேண்டுமானால் நான்கு மத்திய வங்கித் தலைவர்களை வைத்து லியாகத் அகமது எழுதிய லார்ட்ஸ் ஆஃப் ஃபைனான்ஸ்.

நோட்டில் முகம் இல்லாத அதிபர் ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: லிண்டன் ஜான்சன். ராபர்ட் காரோ அவரைப் பற்றி 1982-லிருந்து நான்கு பாகம் வெளியிட்டிருக்கிறார், ஐந்தாவது இன்னும் வரவில்லை. முதல் பாகத்தை முழுதாகப் படிக்கப் பயமாக இருந்தால், மின்சாரம் வருவதற்கு முந்தைய டெக்சாஸ் மலைக் கிராமப் பெண்களைப் பற்றிய அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். தண்ணீர் இறைத்து இறைத்து இளம் வயதிலேயே கூன் விழுந்தவர்கள் அவர்கள். நகரத்துப் பையனான உனக்கு வாளியின் கனம் எங்கே தெரியும் என்று ஒரு பாட்டி காரோவையே கிணற்றில் தண்ணீர் இறைக்க வைத்திருக்கிறார். அந்த ஊருக்கு ஜான்சன் எப்படி மின்கம்பி இழுத்து வந்தார் என்று படித்துவிட்டு, அதே பாகத்தில் அணை கட்டும் காண்டிராக்டர்களின் பணம் அவருடைய அரசியலுக்குள் வந்த பக்கங்களையும் இன்டெக்ஸில் தேடி எடுங்கள். அந்தப் பக்கங்களைப் படித்த பிறகு தாத்தா வந்து இறங்கிய கதையைக்கூட நானாகவே புரட்டிப் போய்ப் படித்தேன்.