மூத்த ஜாஸ் கலைஞர்களை நேரில் கேட்க

ரான் கார்ட்டர் (பேஸ் எனும் பெரிய தந்தி வாத்தியம், பிறப்பு 1937), சார்ல்ஸ் லாயிட் (சாக்ஸபோன், 1938), கென்னி பாரன் (பியானோ, 1943): இவர்களைக் கேட்க பெரிய அரங்கைவிடச் சின்ன கிளப்தான் சரி. பேஸின் மெல்லிய அதிர்வு பெரிய ஒலிபெருக்கியில் கரைந்துவிடும்.

நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்ட் 1935 முதல் இயங்கும் நிலவறை கிளப். சுமார் 120 பேர்தான் உட்காரலாம். பெரும்பாலும் ஒரே குழு செவ்வாய் முதல் ஞாயிறு வரை வாசிக்கும். இரவு 8, 10 என இரண்டு அமர்வுகள். வார நாளில் 10 மணி அமர்வை எடுங்கள். கூட்டம் குறைவு, கலைஞர்களின் கைகளும் சூடேறியிருக்கும்.

இருக்கை எண் கிடையாது. முன்னதாகப் போனால்தான் நல்ல இடம். டிரம்ஸை ஒட்டி உட்கார்ந்தால் சிம்பல் எனும் உலோகத் தட்டின் சத்தம் பேஸை விழுங்கிவிடும் (முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு இதுதான்). பியானோ என்றால் கட்டைகள் தெரியும் பக்கம். டிக்கெட்டுக்கு மேல் ஒரு பானமாவது வாங்க வேண்டும்; சாப்பாடு கிடையாது, வெளியே முடித்துக்கொள்ளுங்கள். போனை அணைத்து வையுங்கள்.

முதிய வயதில் கலைஞர்களின் பயணம் ரத்தாவது சகஜம். கிளம்பும் நாளன்று காலையில் கிளப்பின் தளத்தை மறுபடி பாருங்கள்.