இத்தாலியக் கடையில் வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் உதவும் வாக்கியங்கள்

வாங்கிய பொருள் பிடிக்கவில்லை என்பதற்காக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் கட்டாயம் இத்தாலியில் கடைக்காரருக்கு இல்லை. பல கடைகள் மாற்றித் தருவது அவர்கள் விருப்பத்தில்தான். அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: "ஸீ ப்வோ கம்பியாரே?" மாற்றிக்கொள்ளலாமா என்று பொருள். "ஆம்" என்றால் அடுத்தது "என்த்ரோ க்வான்தி ஜோர்னி?", எத்தனை நாளுக்குள்?

உச்சரிப்பில் நமக்கு ஒரு வசதியும் ஒரு பள்ளமும் உண்டு. இத்தாலிய 'த' நம் த போலவே பல்லைத் தொடும் ஒலி; இரட்டை மெய்யும் நமக்குப் பழக்கம். "கப்பெல்லோ" என்றால் தொப்பி. ஒற்றை ப-வோடு சொன்னால் தலைமுடி. ஆனால் மெல்லினத்துக்குப் பின் வரும் த-வை நாம் தானாகவே மெலித்துவிடுகிறோம். விலை கேட்கும் "க்வான்தோ கோஸ்தா?"வில் 'பந்து'வின் த வந்தால் அது "எப்போது" என்ற சொல்லாகிவிடும். 'பத்து'வின் த வேண்டும். அந்த வன்மையான ஒலிக்கு இங்கே ன்த என்றும், மெலிந்ததற்கு ந்த என்றும் எழுதியிருக்கிறோம்.

உள்ளே நுழைந்ததும் "ப்வோன்ஜோர்னோ" சொல்லாமல் பொருளைத் தொடாதீர்கள். அது மரியாதைக் குறைவு. மாலையில் "ப்வோனஸேரா". போட்டுப் பார்க்க "போஸ்ஸோ ப்ரொவார்லோ?" சட்டை அங்கே பெண்பால், எனவே "ப்ரொவார்லா", கால்சட்டைக்கு "ப்ரொவார்லி", காலணிக்கு "ப்ரொவார்லே". தவறினாலும் புரிந்துகொள்வார்கள். இறுக்கமானால் "ஸ்த்ரெத்தோ", தொளதொளவென்றால் "லார்கோ". பெரிய அளவு கேட்க "ஆ ஊனா தால்யா ப்யூ க்ராந்தே?" உடைக்குத்தான் "தால்யா", காலணிக்கு "நூமெரோ". பெண்கள் உடையில் பிரெஞ்சு 38 என்பது இத்தாலிய 42, எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ரசீதுக்குப் பெயர் "ஸ்கொன்த்ரீனோ". பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள் அது. வெயிலில், காரில், பர்ஸில் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். பரிசுப் பொருளானால் விலை தெரியாத ரசீதாக "ஸ்கொன்த்ரீனோ தி கொர்தெஸீயா" கேட்கலாம்.

திருப்பிக் கொடுக்கும்போது காரணத்தைப் பிரித்துச் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. அளவு சரியில்லை என்றால் பணிவாக "வொர்ரேய் கம்பியாரே க்வெஸ்தோ", இதை மாற்ற விரும்புகிறேன். அவர்கள் "ப்வோனோ" தருவதாகச் சொன்னால் அது பணமல்ல, அதே கடையில் செலவழிக்க வேண்டிய சீட்டு. பணம் திரும்ப வருவதற்குச் சொல் "ரிம்போர்ஸோ".

பொருளில் குறை இருந்தால் பேச்சே வேறு. "எ திஃபெத்தோஸோ", குறையுள்ளது. அல்லது "நொன் ஃபுன்ட்ஸியோனா", வேலை செய்யவில்லை. இங்கே உங்களுக்கு 2 ஆண்டுச் சட்ட உத்தரவாதம் உண்டு: "கரன்ட்ஸியா லெகாலே". தயாரிப்பாளரிடம் போங்கள் என்று அனுப்ப முயன்றாலும் பொறுப்பு விற்றவருக்குத்தான். தள்ளுபடியில் வாங்கியதற்கும் இது பொருந்தும். "ஸால்தி" (தள்ளுபடி விற்பனை) பொருளை மாற்ற முடியாது என்ற பலகை குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. ஆனால் எடுத்த எடுப்பில் பணம் கேட்டால் பொதுவாக மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. முதலில் "ரிபராட்ஸியோனே" (பழுதுபார்த்தல்) அல்லது "ஸொஸ்தித்துட்ஸியோனே" (மாற்றுப் பொருள்). அவை நடக்காதபோது விலைக்குறைப்பு அல்லது பணம்.

இணையத்தில் வாங்கியதற்குக் காரணமே தேவையில்லை. பொருள் கையில் கிடைத்ததிலிருந்து 14 நாளுக்குள் "ரெச்செஸ்ஸோ" (வாங்கியதிலிருந்து விலகல்) என்ற சொல்லைப் போட்டு எழுத்தில் தெரிவியுங்கள். அளவெடுத்துத் தைத்த உடை போன்ற சிலவற்றுக்கு இது கிடையாது.