விளம்பரக் காசு திரும்புகிறதா? ஒரு சின்னக் கணக்கு

காரைக்குடிப் பக்கம் கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடித் தரைக்கல், பலகாரம் என்று எதை விற்றாலும் இன்ஸ்டாகிராமில் விளம்பரம் போடச் சொல்கிறார்கள். சரி, போடலாம். ஆனால் லைக்கைப் பார்த்து லாபம் சொல்ல முடியாது.

விளம்பரத்தைத் தட்டினால் நேராக வாட்ஸ்அப் திறக்கும்படி அமையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம்தான். அப்படி வருகிறவர்களுக்குத் தனி லேபிள் போட்டுவிட்டால், யார் வாங்கினார்கள் என்று மாதக் கடைசியில் எண்ணிவிடலாம்.

உதாரணத்துக்கு, மணகோலம், சீப்புச்சீடைக்கு 3,000 ரூபாய் விளம்பரம் செய்து 12 ஆர்டர் வந்தது என்று வையுங்கள். மாவு, எண்ணெய், கூலி, கூரியர் போக ஆர்டருக்கு 150 ரூபாய் நின்றால் கையில் 1,800தான். 1,200 நட்டம். உடனே நிறுத்திவிடாதீர்கள். அவர்களில் 8 பேர் தீபாவளிக்கு மறுபடி வாங்கினால் போட்ட காசு வந்துவிடும். பலகாரத்தில் இது நடக்கக்கூடியதே. தரைக்கல் அப்படியில்லை, வீடு கட்டும்போதுதான் வாங்குவார்கள். அதற்கு முதல் ஆர்டரிலேயே விளம்பரச் செலவு தேற வேண்டும்.

அப்புறம், காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அசல் தறிச்சேலை விற்பவர்கள் பதிவில் அதைக் கட்டாயம் எழுதுங்கள். தறி ஓடும் வீடியோவையும் சேர்த்துப் போடுங்கள்.