தாத்தா வீட்டை வாங்கிப் புதுப்பிக்கலாமா? முதல்முறை யோசிப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

கும்பகோணம், மாயவரம், திருவாரூர் பக்கம் பூர்வீக வீடு உள்ள குடும்பங்களில் ஒரு கட்டத்தில் இந்தப் பேச்சு வந்துவிடும். பெரியவர்கள் காலமாகி வீடு பூட்டிக் கிடக்கும், சித்தப்பா விற்றுவிடலாம் என்பார், வெளியூரில் இருக்கும் பேரனுக்கோ பேத்திக்கோ மனசு வராது, மற்றவர்கள் பங்கையும் நாமே வாங்கிச் சரிசெய்துகொள்ளலாமே என்று தோன்றும். அந்த வீடுகள் நிற்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் பலர் தேக்குத் தூணையும் முற்றத்தையும் பார்த்து மனதுக்குள் முடிவெடுத்துவிட்டு அப்புறம்தான் காகிதத்தைத் தேடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள்.

1. மனை யாருடையது?

காவிரி டெல்டாவில் இதுதான் முதல் கேள்வி. கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளிலும் பல கிராமங்களிலும் கட்டடம் மட்டும் குடும்பத்துடையது, மனை கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தம். தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை (மனைக்கு மட்டுமான வாடகை) கட்டி வந்திருப்பார்கள், இன்றைய பிள்ளைகளுக்கு அது தெரியவே தெரியாது. வீட்டுவரியும் மின் இணைப்பும் தாத்தா பெயரில் இருப்பதால் மனையும் அவருடையது என்று ஆகிவிடாது. அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டு பட்டாவையும் அ-பதிவேட்டையும் (எந்தச் சர்வே எண் யாருடையது என்று சொல்லும் அரசுப் பதிவேடு) எடுங்கள், கோயில் பெயர் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். இந்து சமய அறநிலையச் சட்டம் (1959) 34வது பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் கோயில் மனையை விற்க முடியாது, சார்பதிவாளரும் பதிய மாட்டார், வங்கிக் கடனும் கிடைப்பது கடினம். குடும்பத்தில் ஒருவர் அங்கேயே குடியிருக்கிறார், வாடகை பாக்கி இல்லை, ஒழுகலை மட்டும் சரிசெய்தால் போதும் என்றால் சரி. மற்றபடி அங்கே பெரிய தொகையைப் போடச் சொல்ல எனக்கு மனம் வராது.

2. யார் யாருக்குப் பங்கு?

மனை குடும்பத்துடையதுதான் என்று உறுதியானதும் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களின் பட்டியல்) எடுங்கள். பழைய ஆண்டுகளுக்கு இணையத்தில் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் மனுப் போட வேண்டும். தாத்தா, பாட்டி, அவர்கள் பிள்ளைகளில் காலமானவர்கள் என ஒவ்வொருவருக்கும் வாரிசுச் சான்று வேண்டும்.

அத்தைகளை விட்டுவிடாதீர்கள். "அவங்களுக்கு அப்பவே நகை போட்டு அனுப்பிட்டோம்" என்று பெரியப்பா சொல்வார், அந்தப் பேச்சு சட்டத்தில் நிற்காது. தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீடு, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் காலமானார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. கூட்டுக்குடும்பச் சொத்திலும் 2005 திருத்தம் மகளுக்குச் சம உரிமை தந்தது, அது பிறப்பால் வரும் உரிமை, 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கூடத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் அவர்கள். நேரில் போய்க் கேட்டு, விலை பேசி, கையெழுத்து வாங்குவதுதான் மரியாதை. சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒருவர் இருந்தால் அவருடைய பவர் பத்திரத்துக்கே நாள் பிடிக்கும், அதை முதலிலேயே தொடங்குங்கள்.

குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம் (ஒரு பங்குதாரர் தன் பங்கை இன்னொரு பங்குதாரருக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம்) போட்டால் முத்திரைத் தீர்வைக்கும் பதிவுக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு, கிரயத்தைவிடச் செலவு குறையும். ஒன்றுவிட்ட அண்ணன் தம்பிகள் அந்தச் சலுகைக்குள் வருவார்களா என்று ஒரு பத்திர எழுத்தரிடம் கேட்டுவிட்டே கணக்குப் போடுங்கள்.

3. ஐப்பசி, கார்த்திகையில் வீட்டைப் பாருங்கள்

சித்திரையில் எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். அடைமழையில் போய் நின்று பாருங்கள். தெருவில் சாலை மேல் சாலையாகப் போட்டு வாசல் பள்ளமாகிவிட்டதா, மழைத்தண்ணீர் திண்ணை வரை வருகிறதா, முற்றத்துத் தண்ணீர் வெளியேற வழி இருக்கிறதா என்று கவனியுங்கள். நம் களிமண் ஈரத்தில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும், ஆழமில்லாத பழைய கடைக்கால் (அஸ்திவாரம்) அதோடு சேர்ந்து அசையும். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழை விரிசலுக்குப் பயம் வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து ஏறும் விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது, கொத்தனார் போதாது, கட்டடப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால் எல்லாரும் சொல்வது சிமெண்ட் பூச்சு. தயவுசெய்து வேண்டாம். சுண்ணாம்புச் சுவர் உள்ளே வாங்கிய ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம் பாளமாக உதிரும். சுண்ணாம்புக் காரை தெரிந்த ஆள் கிடைக்கிறாரா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

4. கூரை

ஏணி போட்டு ஏறி, உத்தரமும் கைமரமும் (கூரையைத் தாங்கும் மரங்கள்) சுவருக்குள் நுழையும் இடத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். நடுவில் இரும்பு மாதிரி இருக்கும் தேக்கு, சுவருக்குள் ஈரத்தில் மக்கியோ கரையான் தின்றோ இருக்கலாம். ஓடு உடைந்தது பெரிய செலவில்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாகை, வேதாரண்யம் பக்கம் எத்தனையோ வீடுகளில் ஓடுகளை மாற்றிக் குடியிருக்கிறார்கள். உத்தரமே போயிருந்தால் கணக்கு வேறு. ஒயரிங்கும் கழிவறையும் எப்படியும் புதிதாகத்தான் போட வேண்டும், அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

5. பணமும் ஆளும்

பங்குகளுக்குத் தரும் தொகை, பத்திரச் செலவு, பழுதுச் செலவு மூன்றையும் கூட்டி, அதற்கு மேல் பழுதுச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். பழைய சுவரை உடைத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று மேஸ்திரிக்கும் தெரியாது.

அடுத்து, அங்கே யார் அடுப்பு பற்றவைக்கப் போகிறார்கள்? பொங்கலுக்கும் குலதெய்வப் படையலுக்கும் மட்டும் திறக்கும் வீட்டில் வௌவாலும் கரையானும் திரும்பக் குடியேறிவிடும். நீங்கள் போகாவிட்டால் நம்பிக்கையான ஒரு குடும்பத்தை வாடகை குறைத்தாவது குடிவையுங்கள். அதற்கும் ஆள் இல்லை என்றால் வாங்காதீர்கள். கதவையும் தூணையும் ஒரு பங்காக எடுத்துக்கொண்டு விலகுவதில் குறை ஒன்றுமில்லை.

வாங்குவது என்று முடிவானால், பத்திரம் பதிந்த கையோடு பட்டா, வீட்டுவரி, மின் இணைப்பு மூன்றையும் பெயர் மாற்றுங்கள். கூரை வேலையை மாசி, பங்குனியில் தொடங்குங்கள், ஆடிக்குள் மூடிவிடலாம்.