பழைய காரோடு ட்ராக்குக்குப் போகிறீர்களா? பரிசோதனையில் மாட்டிவிடும் தவறுகள்

திருகோணமலையில் இருப்பவர்களுக்குப் பந்தயத் தடம் என்பது பக்கத்து ஊர் விஷயம் இல்லை. களுத்துறைக்கு அருகே கட்டுக்குருந்தவில், இரண்டாம் உலகப் போரில் கடற்படை விமானங்கள் இறங்கிய பந்தயத் தடமாகப் பயன்படும் அந்தப் பழைய ஓடுதளத்துக்கு இங்கிருந்து ஏறத்தாழ 300 கிலோமீற்றர். கந்தளாய் தாண்டி, ஹபரணைக் காட்டில் யானைக்கு நின்று வழிவிட்டு, கொழும்பையும் கடந்து போன பிறகு, பயிற்சிக்கு முந்திய பாதுகாப்புப் பரிசோதனையில் "இந்தக் காரை இறக்க முடியாது" என்று சொன்னால் மனம் உடைந்துபோகும். தடத்தில் ஓடிப் பழகப் பழைய கார்களோடு கிளம்ப நினைக்கும் பொடியன்கள் சிலர் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கும்போது புகைப் பரிசோதனையில் பாஸ், அதனால் கார் நல்ல நிலையில் இருக்கிறது என்று நம்புவதுதான் முதல் தவறு. அந்தப் பரிசோதனை சைலன்சரில் வருவதை அளக்கும், அவ்வளவுதான். பிரேக்கைத் தொட்டும் பார்க்காது. "என் கார் அதிகம் ஓடாதது" என்ற நம்பிக்கையும் அப்படித்தான். மீற்றர் நின்றாலும் றப்பருக்கும் இரும்புக்கும் வயது ஏறிக்கொண்டேதான் இருக்கும். கடற்காற்று அடிக்கும் ஊரில் கொஞ்சம் வேகமாகவே ஏறும்.

என்னுடையது 1983ஆம் ஆண்டுக் கொரோலா. பெயின்ற் புதிது, என்ஜின் சத்தம் சுத்தம். அநுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு கராஜில் ஜக்கில் ஏற்றினோம். மெக்கானிக் அண்ணை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அடிப்பக்கத்து பிரேக் குழாயைத் துடைத்துக்கொண்டே போனார். எல்லா இடமும் கறுப்பாக, வழவழப்பாக இருந்தது. பின்சில்லுக்குச் சற்று முன்னால் குழாயைக் காரின் அடித்தரையோடு பிடிக்கும் கிளிப் ஒன்று. அதைக் கழற்றினார். உள்ளே செதில் செதிலாகக் கறள். நகத்தால் மெல்லச் சுரண்டியதும் ஒரு துளி பிரேக் ஒயில் எட்டிப் பார்த்தது. "தம்பி, வெளியில எல்லாம் நல்லாத்தான் இருக்கு. உப்பு குடியிருக்கிறது கிளிப்புக்குக் கீழதான்" என்றார். அந்தக் குழாயோடுதான் நான் மூன்று நாளில் கிளம்ப இருந்தேன். எனவே கிளிப்புகளைக் கழற்றிப் பாருங்கள். பற்றரித் தட்டுக்குக் கீழே, ஜக் வைக்கும் இடங்களில், இருக்கை போல்ட்டுகள் பிடிக்கும் தரையில் ஸ்குறூட்றைவரால் குத்திப் பாருங்கள். பெயின்றை நம்ப வேண்டாம்.

அந்தக் குழாய்களின் முனையில் இருக்கும் றப்பர் ஹோஸ்களையும் மறந்துவிடுவார்கள். வெளியே வெடிப்பு இல்லாமலே உள்ளே வீங்கியிருக்கும். மிதித்தால் அழுத்தம் சில்லுக்குப் போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. அந்தச் சில்லு மட்டும் பிடித்தபடியே சூடேறும். இருபது வருட ஹோஸ் என்றால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

பிரேக் ஒயிலில் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது பெரிய தவறு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடலாம். டொட் 3 இன்னும் கீழே: 205, பிறகு 140. வீதியில் இது தெரியாது. தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்திலிருந்து இறுக்கிப் பிடிக்கும்போது ஒயில் கொதித்து நீராவிக் குமிழி வரும். குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. போவதற்கு முந்திய வாரம் மூடி திறக்காத புதுப் போத்தலில் முழுவதையும் மாற்றி, குழாய்களுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். சிலிக்கோன் வகையான டொட் 5ஐ இதோடு கலக்கவே கூடாது.

ரயரில் பூ நிறைய இருந்தால் போதும் என்பார்கள். அதிகம் ஓடாத பழைய காரின் ரயரில் பூ இருக்கத்தான் செய்யும், ஆனால் றப்பர் கல்லாகியிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் தேடுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. அதில் தடத்தில் இறங்க வேண்டாம். அந்த இலக்கம் சில சமயம் உட்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும், குனிந்து பார்க்க வேண்டும்.

பற்றரியைக் கயிற்றாலோ பழைய ரியூப் றப்பராலோ கட்டியிருந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இரும்புப் பட்டியும் போல்ட்டும் வேண்டும், நேர் முனைக்கு மூடியும் வேண்டும். காருக்குள் அசையக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. கால்மிதி பெடலுக்குக் கீழே புகும், தண்ணீர்ப் போத்தல் உருண்டு வரும். டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரை அன்றைக்கு மட்டும் பக்குவமாக எடுத்து ஒரு பையில் வைத்துவிடுங்கள். அதை எடுக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒட்டுப் பசையை நம்பி அங்கே விட முடியாது.

சில்லைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் பெயாரிங் அல்லது போல் ஜொயின்ற். பக்கவாட்டில் ஆடினால் ஸ்ரியரிங் மூட்டுகள். காபரேற்றர்க் கார் என்றால், அக்சிலேற்றரை விட்டதும் தானாகப் பட்டென்று திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். அந்த ஸ்பிரிங் சோர்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பின்னால் நிறுத்திப் பாருங்கள்.

முதல் நாள் இரவு என்ஜினைக் கழுவிப் பளபளப்பாக்குவதும் நடக்கிறது. கழுவினால் கசிவு நிற்காது, காலையில் 300 கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி தெரியும். தடத்தில் கொட்டும் ஒயில் பின்னால் வருபவரின் உயிரோடு சம்பந்தப்பட்டது. இரண்டு வாரம் முன்பே கழுவுங்கள், பிறகு தினமும் காட்போட் மட்டையைக் கீழே விரித்துச் சொட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். பிரேக் பாட்களையும் கடைசி இரவில் மாற்றாதீர்கள், பிரேக் தட்டோடு பழக அவற்றுக்கு நாள் வேண்டும்.

சாதாரண இருக்கையில் நான்குமுனை பெல்ட் பூட்டுவது அழகுக்குச் சரி. மோதும்போது உடல் இடுப்புப் பட்டிக்குக் கீழே வழுக்கிப் போகலாம். நூல் பிரியாத, இழுத்தால் இறுகும் மும்முனை பெல்ட்டே போதும்.

பரிசோதகரிடம் எதையும் மறைக்க வேண்டாம். சந்தேகமான இடத்தை நீங்களே காட்டினால் அவர் நின்று பார்ப்பார், சில வேளை அங்கேயே சரிசெய்யவும் வழி சொல்வார். தூர ஓட்டத்துக்குப் பிறகு சில்லு நட்டுகளை, எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் டோர்க் ரென்ச்சால் மறுபடி பாருங்கள். பல ரொயோட்டாக்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், உங்கள் காருக்கு எவ்வளவு என்பது கைநூலில் இருக்கும். முதல் சுற்றுகள் முடிந்து வந்ததும் சூடான காரில் ஹாண்ட்பிரேக் இழுக்காமல், கியரில் விட்டு, சில்லுக்குக் கட்டை வைத்துவிட்டு இறங்குங்கள். ஆறிய பிறகு நட்டுகளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.