சில நேரம் மட்டும் ஸ்டார்ட் ஆகாத பழைய கார்: கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திடீர் திடீரென்று ஸ்டார்ட் ஆகாமல் போகும் பழைய காருக்கு முதலில் வாங்குவது புது பேட்டரி. அடுத்தது செல்ஃப் மோட்டார், அதற்கும் அடுத்தது இக்னிஷன் சுவிட்ச். மூன்றையும் மாற்றிய பிறகும் அதே கோளாறு திரும்பி வரும். கடைக்குக் கொண்டுபோகும்போது கார் நன்றாக ஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எதைச் சோதித்தாலும் சரியாகவே இருக்கும். வண்டி மக்கர் செய்யும் அந்தச் சில நிமிடங்களில் பார்த்தால்தான் கோளாறு பிடிபடும். அதனால் நின்ற இடத்திலேயே உடனே தள்ளி ஸ்டார்ட் செய்வதும், நாலு பேரைக் கூப்பிட்டு ஜம்பர் கேபிள் போடுவதும்தான் முதல் தவறு. ஆபத்தில்லாத இடம் என்றால் முதலில் சோதியுங்கள், பிறகு தள்ளுங்கள்.

செல்ஃப் சுற்றவே இல்லையா, அல்லது செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். முன்னதற்கு ப்ளக்கையும் கார்புரேட்டரையும் கழற்றுவது வீண் வேலை. பின்னதற்குப் பேட்டரி மாற்றுவது பெரும்பாலும் வீண் செலவு.

செல்ஃப் சுற்றாதபோது கையில் மீட்டர் இல்லாவிட்டாலும் ஹெட்லைட் போதும். லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியை ஸ்டார்ட்டுக்குத் திருப்புங்கள். லைட் சுத்தமாக அணைந்துவிட்டால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. லைட் கொஞ்சம்கூட மங்காமல், சத்தமும் வராமல் இருந்தால் சாவியிலிருந்து செல்ஃபின் சாலினாய்டுக்கு (மோட்டாருக்குக் கரண்ட் விடும் மின்காந்த சுவிட்ச்) போகும் மெல்லிய ஒயரில் தடை. ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்து, லைட் லேசாக மட்டும் மங்கினால் சாலினாய்டின் உள் காண்டாக்ட், கார்பன் பிரஷ், தடித்த கேபிள், எர்த் (பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு) இவற்றில் ஒன்று.

பேட்டரியைச் சும்மா வைத்து அளந்து 12.6 வோல்ட் காட்டுகிறது, நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது அடுத்த தவறு. சுமை இல்லாதபோது நைந்த பேட்டரியும் அவ்வளவு காட்டும். செல்ஃப் சுற்றும்போது அளக்க வேண்டும், அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படலாம். அதற்கு முன் பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். அரைகுறை சார்ஜில் சோதித்து நல்ல பேட்டரியைத் தூக்கிப் போடுபவர்கள் நிறையப் பேர்.

பழைய கார்களில் அதிகம் கண்ணில் படாமல் போவது எர்த்தான். கேபிளின் இரு முனைக்கும் மல்டிமீட்டரை வைத்து ‘பீப்’ சத்தம் வருகிறது, கேபிள் சரி என்று விட்டுவிடுவார்கள். நூறு இழையில் ஒரே ஒரு இழை மிஞ்சியிருந்தாலும் பீப் வரும். சின்ன கார் செல்ஃப்கூட நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 120 ஆம்பியருக்கு 1.2 வோல்ட் அங்கேயே போய்விடும். அந்த 0.01 ஓமைச் சாதாரண மீட்டர் ஓம் நிலையில் காட்டவே காட்டாது. அதனால் மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் கம்பத்திலும் (கிளாம்ப்பில் வைக்காதீர்கள்), மறுமுனையை இன்ஜினில் பெயிண்ட் இல்லாத உலோகத்திலும் அழுத்திப் பிடித்து, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் வழியில் கோளாறு. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃபின் தடித்த போல்ட் வரை இதேபோல் பார்த்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வண்டி நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் போட்டு இருக்கட்டும். ஒரு முறைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். நடுவில் அரை நிமிடமாவது ஆறவிடுங்கள்.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. தடை இருப்பது கிளாம்ப்பின் உள்பக்கத்தில், மங்கிய கருப்புப் படலமாக. கழற்றி, உப்புத்தாளால் ஈயம் பளிச்சிடும் வரை தேய்த்து, இறுக்கி, அதன் பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். நெகட்டிவை முதலில் கழற்றிக் கடைசியில் மாட்ட வேண்டும். கிளட்ச் வேலை செய்த பிறகு இந்தக் கோளாறு தொடங்கியிருந்தால், கியர்பாக்ஸில் இருக்கும் எர்த் பட்டையைத் திரும்ப மாட்டினார்களா என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் கரண்ட் ஆக்ஸிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் வழியாகப் போகும். ஸ்டார்ட் செய்யும்போது கேபிள் சூடாவதே அதற்கு அடையாளம்.

சூடானால் மட்டும் செல்ஃப் எடுக்கவில்லை, ஆறினால் எடுக்கிறது என்றால் உடனே புது செல்ஃப் வாங்கிவிடாதீர்கள். செம்புக் கம்பியின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும். சாலினாய்டு 60 டிகிரி கூடுதலாகச் சூடானால் அதன் இழுவைக் கரண்ட் ஐந்தில் ஒரு பங்கு குறையும். தேய்ந்த சாவி சுவிட்சும் பழைய ஒயரும் அதோடு சேர்ந்தால் இழுக்கத் தெம்பு இருக்காது. கோளாறு இருக்கும்போதே சாலினாய்டின் மெல்லிய முனையில் வோல்ட் பாருங்கள். பேட்டரியில் 12 இருந்து அங்கே 8 தான் வருகிறது என்றால் குறை வழியில் இருக்கிறது. அப்போது மட்டும் ரிலே (சிறு கரண்ட்டால் பெரிய கரண்ட்டை இணைக்கும் சுவிட்ச்) போடுவது சரியான தீர்வு: 30-ஆம் முனை 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாகப் பேட்டரி பாசிட்டிவ்வுக்கு, 87 சாலினாய்டுக்கு, 86 சாவியிலிருந்து வரும் ஒயருக்கு, 85 எர்த்துக்கு. அங்கே 11 வோல்ட்டுக்கு மேல் வந்தும் மோட்டார் சுற்றவில்லை, தடித்த கேபிளும் எர்த்தும் சரி என்றால் செல்ஃபைக் கழற்றலாம்.

ஸ்பானரால் செல்ஃபைத் தட்டினால் எடுக்கிறது என்று அதையே வழக்கமாக்குபவர்கள் உண்டு. தட்டினால் எடுப்பது பிரஷ் தேய்ந்ததன் அறிகுறி. நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டாராக இருந்தால் தட்டித் தட்டிக் காந்தமே விரிசல் விடும்.

செல்ஃப் சுற்றியும் பிடிக்காத வண்டிக்கு வருவோம். 2014-இல் உற்பத்தி நின்ற மாருதி 800-இன் கார்புரேட்டர் மாடல்களில், இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப்தான் பெட்ரோலைத் தள்ளுகிறது. வெயிலில் ஓட்டி நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து எடுத்தால் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் சூட்டில் ஆவியாகி உள்ளே வழிந்திருக்கும். அப்போது சோக் இழுப்பதும் ஆக்ஸிலேட்டரை மிதித்து மிதித்து விடுவதும் பெட்ரோலை இன்னும் கூட்டும். பெடலை முழுவதும் மிதித்தபடியே வைத்து ஐந்தாறு நொடி செல்ஃப் அடியுங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் இக்னிஷன் காயில் (ப்ளக்குக்கு உயர் வோல்ட் தரும் சுருள்) சூடாக இருக்கும்போதே ப்ளக்கில் ஸ்பார்க் பாருங்கள். ஆறிய காயிலை அளந்து பயனில்லை. செல்ஃப் அடிக்கும்போது பிடித்து, சாவியை விட்டவுடன் அணைந்தால் சாவி சுவிட்சின் ஆன் காண்டாக்ட், காயிலுக்குத் தனி ரெசிஸ்டர் உள்ள வண்டியில் அந்த ரெசிஸ்டர். இன்ஜெக்‌ஷன் வண்டியில் சாவியை ஆன் செய்ததும் பின்சீட் பக்கம் பம்ப் ஓரிரு நொடி உறுமுகிறதா என்று கேளுங்கள். உறுமாவிட்டால் ஃபியூஸ், ரிலே, பம்ப் என்ற வரிசையில் போங்கள்.

பிற்பாடு மாட்டிய அலாரம், சென்ட்ரல் லாக் இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். பல அலாரங்கள் ஸ்டார்ட் ஒயரையோ பம்ப் ஒயரையோ வெட்டி நடுவில் ரிலே வைப்பவை. முறுக்கி டேப் சுற்றிய அந்த இணைப்பு நாளடைவில் தளர்ந்து, குலுங்கினால் விடும், குலுங்கினால் பிடிக்கும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோ சார்ஜ் ஆகிறதா என்று பார்க்கும் பழக்கத்தை அடியோடு விடுங்கள். இப்போதுள்ளவை ஆல்டர்னேட்டர்கள். பேட்டரி விலகிய நொடியில் வோல்ட் தாறுமாறாக எகிறி டயோடு போகும், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இருந்தால் அதுவும் போகலாம். மீட்டரைப் பேட்டரியில் வைத்து, இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வருகிறதா என்று பார்த்தால் போதும்.