பழைய மேனுவல் லென்ஸை மிரர்லெஸ் கேமராவில் மாட்டிக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படம் எடுப்பது எப்படி?

முதல் லென்ஸாக எம்42 என்ற திருகு மவுண்ட் (கேமராவோடு லென்ஸ் சேரும் பகுதி) உள்ள 50 முதல் 58 மி.மீ. வரை ஒன்று போதும். டகுமார், ஹீலியோஸ் இரண்டுமே நல்லவை. வாங்கும்போது அபர்ச்சரை (ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். கண்ணாடிக்குள் நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் அது பூஞ்சை, வேண்டாம். நாலைந்து தூசி இருந்தால் படத்தில் தெரியாது.

அடாப்டர்: எம்42 லென்ஸின் மவுண்டுக்கும் சென்சாருக்கும் 45.46 மி.மீ. இடைவெளி வேண்டும். சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ.தான் இருக்கிறது. மிச்சம் 27.46 மி.மீ.யை நிரப்பும் வெறும் உலோக வளையம்தான் அடாப்டர். நிக்கான் டிஎஸ்எல்ஆரில் (உள்ளே மிரர் உள்ள கேமரா) இந்த இடைவெளியே 46.5 மி.மீ. என்பதால், உள்ளே லென்ஸ் கண்ணாடி இல்லாத அடாப்டரில் தூரத்துக் காட்சி ஃபோகஸ் ஆகாது.

மாட்டியதும் அபர்ச்சர் வளையத்தை எஃப்/8-க்குத் திருப்பி (எண் கூடக் கூடத் துளை சிறுக்கும்), முன்பக்கமாக உள்ளே பாருங்கள். அபர்ச்சர் இதழ்கள் மூடவில்லையா? லென்ஸில் ஏ/எம் (ஆட்டோ/மேனுவல்) சுவிட்ச் இருந்தால் எம்-இல் வையுங்கள். சுவிட்ச் இல்லாத லென்ஸுக்கு, பின்பக்கக் குச்சியை அழுத்திப் பிடிக்கும் விளிம்பு உள்ள அடாப்டர்தான் வேண்டும்.

கேமரா: மெனுவில் ‘லென்ஸ் இல்லாமல் ஷட்டர்’ என்ற வசதியை ஆன் செய்யுங்கள், இல்லையென்றால் பல கேமராக்களில் ஷட்டர் விழாது. அபர்ச்சர் பிரியாரிட்டி மோடு (துளையை நீங்கள் வைக்க, ஷட்டர் வேகத்தைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) போதும். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்தை ஈடுசெய்யும் வசதி) இருந்தால், அது கேட்கும் மி.மீ. அளவுக்கு லென்ஸில் எழுதியிருக்கும் 50-ஐயே கொடுங்கள். ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா என்று 1.5-ஆல் பெருக்கி 75 கொடுத்தால் அது அளவுக்கு மீறி ஈடுசெய்து படத்தைக் கலைக்கும்.

ஃபோகஸ்: பொறுமை வேண்டியது இங்கேதான். ஃபோகஸ் ஆன விளிம்புகளில் கேமரா காட்டும் பீக்கிங் நிறக்கோட்டை மட்டும் நம்பாதீர்கள். எஃப்/2-இல் கண்ணுக்குப் பதில் காது ஷார்ப்பாக இருந்தாலும் முகம் முழுக்கக் கோடு மினுக்கும். பெரிதாக்கிப் பார்க்கும் வசதியை ஒரு பட்டனில் வைத்து, கண்ணிமையைப் பார்த்துத் திருப்புங்கள். வலை பின்னுபவர், ஐஸ் பெட்டி, கட்டிய படகு போன்றவற்றுக்கு இது சரி.

ஏலம் நடக்கும் இடத்தில் அதற்கு நேரம் கிடைக்காது. எஃப்/8 வைத்து, ஃபோகஸ் வளையத்தை 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏபிஎஸ்-சி கேமராவில் 50 மி.மீ.க்கு ஏறத்தாழ 2.5 முதல் 3.7 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். ஆள் அந்தத் தூரத்துக்கு வரும்போது அழுத்துங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே இறங்காதபடி ஆட்டோ ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறனைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் வசதி) குறைந்தபட்ச வேகத்தைக் கட்டுங்கள். விடியுமுன் எஃப்/4-க்கு இறங்க வேண்டிவரும். அப்போது தெளிவாக விழுவது 2.7 முதல் 3.3 மீட்டர்தான்.

சூரியன் கடல் பக்கமிருந்து ஏறும். லென்ஸ் கண்ணாடியின் பழைய கோட்டிங்கால் படம் எதிர்வெளிச்சத்தில் வெளுத்துப்போகும் என்பதால் லென்ஸின் முன்னால் ரப்பர் ஹூட் (வெளிச்ச மறைப்பு) மாட்டுங்கள், அல்லது கடலுக்கு முதுகு காட்டி நில்லுங்கள்.

துறைமுகத்தில் லென்ஸைக் கழற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் முதலில் புளோயரால் (காற்றூதும் பம்ப்) ஊதுங்கள், பிறகு லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணி. உலர்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் கோட்டிங்கில் கீறல் விழும். ராயபுரம் காற்றின் ஈரத்துக்கு அலமாரி சரிப்படாது. காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு சின்ன ஈரமானியையும் போட்டு, ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள்.